அம்மா பாதி தூக்கிய கை

அண்ணா,

அன்றைக்குச் சபைக் கமிட்டிக் கூட்டத்தில் அம்மாவின் கை தோளுக்கு மேலே போகவில்லை. முழங்கை விலாவோடு ஒட்டியே இருந்தது. விரல்கள் மட்டும் காதருகே வந்து நின்றன. மினிட்ஸ் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்த எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இது தூக்கியதா, தூக்காததா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பொருளாளர் சாமுவேல் மாமா "மூணு" என்று எண்ணி முடித்துவிட்டார். நானும் மூன்று என்று குறித்துக்கொண்டேன். நீ எழுந்து, கையில் இருந்த டாம்பரின் மேளத்தை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாய். ஏழு வாரம் ஆகிறது.

இது அம்மாவின் கடிதம். எழுதும் கைதான் என்னுடையது. அம்மாவுக்கு வாசிக்க வரும், எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நீ போனை எடுப்பதில்லை. மெசேஜ் போனால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் சில நாட்களாக மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து, தைத்து வந்த சட்டைகளில் பிசிறு நூலை வெட்டிக்கொண்டே பேசுகிறாள். நான் என் பங்குச் சட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு எழுதுகிறேன். "நைனா, நல்லாகிறியா, சாப்டியா" என்பதை முதல் வரியாக எழுதச் சொன்னாள். இரண்டாவது பத்தியில்தான் வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. இன்னொன்றும் சொன்னாள்: "ஒளிச்சி வெச்சி படிக்க வேணாம்னு எய்து. அவன் கூட தங்கிகினு கீற பசங்களுக்கும் படிச்சி காட்டட்டும். கேக்குறவங்க எல்லாம் கேக்கட்டும். நான் பண்ணது நாலு பேருக்குத் தெரியட்டும்." அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்மா சொல்லாததும் இதில் கொஞ்சம் இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

குமணன்சாவடியில் உன்னோடு தங்கியிருப்பவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். சேக்காட்டில் ஒரு வீட்டு மாடியில், ஷீட் போட்ட கூடத்தில் எங்கள் சபை கூடுகிறது. நாற்பது பேர் வந்துவிட்டால் பாய் போதாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒடிசா மலைப்பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேர், நான்கு ஆண்களும் இரண்டு பெண்களும், இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். தெருக்கோடியில் ஒரே அறையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து இரண்டாக்கிக் குடியிருக்கிறார்கள். தமிழ்ப் பாட்டுக்கு வாயசைத்து வாயசைத்து இப்போது எங்களைவிடச் சத்தமாகப் பாடுகிறார்கள். இவர்களைக் காட்டித்தான் தெருவில் சிலர் சேர்ந்து மனு கொடுத்தார்கள். வடநாட்டு ஆட்களைக் கூட்டிவந்து மதம் மாற்றுகிறோமாம். இந்த நாட்டுக்கென்று ஒரு மதம் இருக்கிறதாம், அதில் இல்லாதவர்கள் விருந்தாளிகள் மாதிரி அடங்கி இருக்க வேண்டுமாம். அந்த ஆறு பேரையும் யாரும் மாற்றவில்லை. தாத்தா காலத்திலிருந்து அவர்கள் விசுவாசிகள். ஆறு பேரில் ஒருத்தியான சலோமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இதே மாதிரி பேசிய ஆட்கள் அவர்கள் ஊர் ஜெபவீட்டை எரித்தார்கள். அவள் அம்மா அவளை முதுகில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடியிருக்கிறாள். அதை அவள் என்னிடம் சொன்னபோது, தன் ஊரில் மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மனுவுக்குப் பிறகு போலீஸ்காரர் ஒருவர் வந்து, யார் யார் வருகிறார்கள், எந்த ஊர் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமைக் கூட்டம். பாஸ்டர் ஐயா, சாமுவேல் மாமா, பேக்டரியில் ரிட்டையர் ஆன தேவராஜ் ஐயா, அம்மா, நீ, ஐந்து பேர். எழுதுவதற்கு நான். பாஸ்டர் ஐயா முதலிலேயே சொன்னார்: "நான் கை தூக்க மாட்டேன். பாதிக்குப் பாதி வந்தா விட்டுட்டு, ஜெபம் பண்ணி அடுத்த வாரம் பாக்கலாம்." சாமுவேல் மாமாதான் பேச்சை ஆரம்பித்தார். "வடக்கனால தானே இவ்ளோ ரோதனை? அவனுங்க இல்லன்னா நம்ம மேல எவன் மனு குடுப்பான்? கொஞ்ச நாள் வராதீங்கன்னு சொல்லிட்டு, அவங்க நம்ம சபை ஆளுங்க இல்லன்னு எய்தி குட்த்துட்டா மேட்டர் முடிஞ்சிது." நீ சிரித்தாய். கோபம் வந்தால் நீ சிரிப்பாய். "மாமா, நம்மள வெளிநாட்டு சாமி கும்புடுறவன்னு அவன் சொல்றான். நீ இவங்கள வெளிமாநிலத்தான்னு சொல்ற. உனக்கும் அவனுக்கும் இன்னா வித்தியாசம், நீ வெள்ளச் சட்ட போட்டுகிற, அவ்ளோதானே?" தேவராஜ் ஐயா, "பெரியவங்க கிட்ட பேசற பேச்சா இது" என்றார். நீ அப்போது சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: "நான் வேணாம்னு சொல்றேன். இதுக்கு என் கை கெடையாது. எய்திக்கோ பாப்பா."

நான் எழுதிக்கொள்ளவில்லை, அண்ணா.

நீ போன பிறகு பாஸ்டர் ஐயா தீர்மானத்தைச் சொன்னார், நான் எழுதினேன். யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று எழுதும் இடம் வந்ததும் பேனா நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எப்பவும் எழுதுற மாதிரி எழுதும்மா" என்றார். எப்பவும் எழுதுகிற மாதிரி என்றால் உனக்குத் தெரியும். பாய் வாங்கினாலும் ஷீட் மாற்றினாலும், ஞாயிறு பள்ளிக்கு யாரை டீச்சராகப் போடுவது என்று அரைமணி நேரம் சண்டை போட்டாலும், கடைசியில் நோட்டில் ஒரே சொல்தான் ஏறும்: ஏகமனதாக. சபையில் இரண்டு மனம் இருந்தது என்று எழுதுவது பாவத்தை எழுதி வைப்பது போல. மூன்று வருடமாக அந்த நோட்டை நான்தான் எழுதுகிறேன். எத்தனை பேர் எத்தனை முறை முணுமுணுத்தும் அந்த ஒரு சொல்லை மாற்றியதில்லை. அன்றைக்கும் எழுதினேன். "வெளிமாநிலத்தார் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." பாஸ்டர் ஐயா அதையே ஒரு வெள்ளைத் தாளில் பிரதி எடுக்கச் சொன்னார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார். அந்தத் தாள் ஸ்டேஷனுக்குப் போனது.

அடுத்த நாள் காலை படிக்கட்டின் கீழே சாமுவேல் மாமா நின்றார். ஆறு பேரும் குளித்து, தலை வாரி, கையில் புத்தகத்தோடு வந்தார்கள். "ஒரு மாசம். வேணாம். போலீஸ்" என்று நாலே சொல்லில் சொன்னார். அதிலும் அவர் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சலோமி மேலே பார்த்தாள். நான் மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். கை ஆட்டினாள். நான் குனிந்துகொண்டேன்.

ஆராதனை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அது மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள். அப்பத் தட்டு வந்தபோது அம்மா கையை நீட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மனதில் ஒருவர் மேல் குறை இருந்தால் அப்பம் எடுக்கக் கூடாது என்பது நம் வழக்கம், அதனால் யார் மேல் குறை என்று பேச்சு ஓடியது. பெற்ற பிள்ளை மேல் கோபமாக இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். அதற்கு அடுத்த மாதமும் அம்மா கை நீட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதம் எழுதும்போதுதான் அவளாகச் சொன்னாள். "கொறை என் மேல தாண்டி. எந்தக் கையால வாங்குறது? அதே கை தானே?"

மனு கொடுத்தவர்களுக்கு ஸ்டேஷனிலிருந்து எப்படியோ அந்தத் தாளின் போட்டோ கிடைத்துவிட்டது. நம் தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டு, கீழே சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அந்த ஆறு பேரின் ஹவுஸ் ஓனர் அதைப் பார்த்துவிட்டு, "உங்க சாமி வூட்லயே உங்கள வேணாம்னுட்டாங்க, நான் ஏம்பா வம்ப வாங்கணும்" என்று இந்த மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வேறு எங்கே கேட்டாலும் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது கேள்வி எந்தச் சாமி. இரண்டிலும் தோற்கிறார்கள்.

இதை எனக்குச் சொன்னது சலோமி. புதன்கிழமை மத்தியானம் வந்தாள். அவளுக்கு நான் ஒரு வருடமாகத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தது உனக்குத் தெரியும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் வாத்தியாராகிவிட்டாள் என்று கிண்டல் செய்வாய். என் எழுத்தில் 'அ'வுக்கு வால் கொஞ்சம் நீளமாக வரும், அவளுக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் உட்காரவில்லை. போனில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். "இது உன் எளுத்து" என்றாள். 'ஏகமனதாக' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, "இதுக்கு அர்த்தம் கடைல கேட்டேன். எல்லாரும் சேந்துன்னு சொன்னாங்க" என்றாள். பிறகு கேட்டாள்: "ஜோயல் அண்ணாவும்?"

இல்லை என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை. வகுப்பில் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னால் புத்தகத்துக்குள் குனிந்துகொள்வேன். அன்றைக்கும் தரையைப் பார்த்தேன். அவள் "சரி" என்று போய்விட்டாள். நீ போன் செய்தும் அவர்கள் யாரும் எடுப்பதில்லை என்று பாடிப் பக்கம் உன்னோடு வேலை செய்யும் பிரபு சொன்னான். நீயும் சேர்ந்துதான் அவர்களை வேண்டாம் என்றாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்க வைத்தது நான்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "பேப்பர் எடு. அவனுக்கு எய்தலாம்" என்றாள்.

இனி அம்மா சொன்னவை. முதலில் கூழ். நீ பிறப்பதற்கு முன்னால், அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஆவடி பேக்டரியில் சேர்ந்த புதிதில், குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. அல்லேலூயா கூட்டத்துக்கு வீடு கிடையாது என்று மூன்று இடத்தில் சொல்லிவிட்டார்கள். நான்காவதாகக் கேட்டது கன்னியம்மா பெரியம்மா வீட்டில். சேக்காட்டில் அவர்களுக்கு அப்போது நிலம் இருந்தது, விவசாயக் குடும்பம், வாசலில் வேப்பிலை கட்டுகிற வீடு. "எந்தச் சாமிய கும்புட்டா இன்னா, தண்ணிய சிக்கனமா புழங்கு" என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்களாம். அந்த ஆடி மாசம் பெரியம்மா ஒரு சொம்பு நிறையக் கூழ் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அம்மா சிரித்துக்கொண்டே வாங்கி, கதவைச் சாத்திவிட்டு, படைத்தது என்று கொல்லைப்பக்கம் ஊற்றிவிட்டாள். வெங்காயம் எடுத்துவர மறந்த பெரியம்மா அதைக் கொடுக்கக் கொல்லை வழியாக வந்தார். பார்த்தார். வெங்காயத்தை அங்கேயே கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார். பிறகும் அவர் பேச்சை நிறுத்தவில்லை, வாடகையை ஏற்றவில்லை. கூழ் மட்டும் மறுபடி வரவில்லை.

இப்போது மனுவில் பெரியம்மாவின் மகன் கையெழுத்தும் இருக்கிறது. நீ அன்றைக்கே அவர்களோடு சண்டைக்குப் போக நின்றாய். அம்மா சொல்கிறாள்: "அவன் கையெய்த்து போட்டதுக்கு என் கூழு காரணம் இல்ல. அவனுக்கு வேற எவனோ ஓதிகினு கீறான். ஆனா நான் ஊத்துனது ஊத்துனது தான். வேணாம்னா வேணாம்னு மூஞ்சப் பாத்து சொல்லியிருக்கணும். சிரிச்சிகினே வாங்கி ஊத்தக் கூடாது. நம்ம சாமி பெருசுன்னு நெனைக்கிறது வேற, அடுத்தவ கை அழுக்குன்னு நெனைக்கிறது வேற. எனக்கு அப்ப ரெண்டும் ஒண்ணா இருந்துச்சி நைனா." போன வாரம் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போனாள், நானும் போனேன். பெரியம்மா கட்டிலில் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "என் புள்ள அவனுங்க கூட சேந்து கையெய்த்து போட்டுட்டான், இன்னா பண்ண சொல்ற. வயசாயிடுச்சி, அடிக்கவா முடியும்?" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஆனா உங்காளுங்க குட்த்தீங்க பாரு ஒரு பேப்பரு! என் புள்ள கும்பலும் நீங்களும் ஒரே விஷயத்துக்கு கையெய்த்து போட்டுகீறீங்க. அவனுக்காவது அந்தப் பசங்க கூட பழக்கம் இல்ல" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். வெளியே வந்து செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனை வரை நடந்துவிட்டாள்.

அடுத்தது உன்னைப் பற்றி. எழுதட்டுமா என்று இரண்டு முறை கேட்டேன், எழுது என்றாள். அந்தப் பையன்கள் வந்த புதிதில் அவர்களுக்குப் பானிபூரி என்று பெயர் வைத்தது நீதான். "இன்னா பானிபூரி, ஜெபம் பண்ணியா" என்று படியில் நின்று கேட்பாய், நாங்கள் சிரிப்போம், அவர்களும் என்ன என்று தெரியாமல் சிரிப்பார்கள். பிறகு ஒரு நாள் அவர்களில் ஒருவன் உன் கையிலிருந்த டாம்பரினை வாங்கி, எங்கள் ஊரில் இப்படி என்று தட்டிக் காட்டினான். அன்றைக்கு நிறுத்தினாய். அம்மா சொல்கிறாள்: "ஒனக்கு ஒரு நாள் வந்துச்சி. சாமுவேலுக்கு இன்னும் வரல. வரவே வராதுன்னு சொல்லாத. அவனை வெள்ளச் சட்டைன்னு கேலி பண்ணது தப்பு. நீ சொன்ன ஞாயம் அந்தக் கேலில அமுங்கிப் போச்சி. எனக்கே, உன் பக்கம் கை தூக்குனா பெரியவங்கள மதிக்காத புள்ளைய தூக்கிவுட்ட மாரி ஆயிடுமேன்னு தோணிச்சி. அது சாக்கு தான். பயம் தான் நெசம். சபைய பூட்டிட்டா எங்க போவேன்னு பயம். உங்கப்பா போன அன்னிக்கி என்னைத் தாங்கிப் புடிச்சது அந்த மாடி தானே."

அப்பாவைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா படுத்த படுக்கையாவதற்கு முன் வந்த தேர்தல் நினைவிருக்கிறதா? நடந்தால் மூச்சு வாங்கும். நீ அவரைக் கைத்தாங்கலாகப் பள்ளிக்கூட பூத்துக்குக் கூட்டிப்போனாய், நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்தேன். திரும்பி வரும்போது நீ, "நீ போடுற ஆளு எப்பவும் தோக்குறான், இதுக்கு இவ்ளோ கஷ்டமாப்பா" என்றாய். அப்பா மை வைத்த விரலைப் பார்த்துக்கொண்டே, "தோக்கட்டும்ல. தோத்தான்னு எண்ணிச் சொல்லணும்லா. எண்ணாமலே போனாத்தான் கேடு" என்றார். அன்றைக்கு அதை ஒரு பெரிய பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வரும் வழியில் நீ அவருக்கு இளநீர் வாங்கித் தந்தாய். இந்த ஏழு வாரமாக எனக்கு அது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நீ ஒருவன் சொன்ன வேண்டாம் தோற்றுப் போயிருந்தால் சரி. நான் அதை எண்ணவே இல்லை. ஓட்டுப் பட்டியலில் பெயரைக் காணோம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது, பெரிய பெரிய ஆட்களைத் திட்டுகிறேன். அதே வேலையை நாற்பது பக்க நோட்டில் நல்ல கையெழுத்தில் நான் செய்தேன்.

அம்மா இப்போது வேலையைச் சொல்லச் சொல்கிறாள். சலோமியும் இன்னொரு பெண்ணும் நம் வீட்டில் வந்து இருக்கட்டும். அம்மா நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் உடனே சரி என்று சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், அதுவும் நியாயம்தான். "அவன் பீரோவ சொவுரோரம் தள்ளிட்டேன், கோச்சிக்க வேணாம்னு எய்து. அவன் கிரிக்கெட் பேட்டு கட்டிலுக்கடில கீது." நான்கு ஆண்களுக்குக் குமணன்சாவடியில் உன் அறைப் பக்கம் ஏதாவது இடம் பார். ஒன்பது நாள் என்று எழுதத் தொடங்கியது இப்போது ஆறு நாளாகிவிட்டது. ஹவுஸ் ஓனர் கேட்டால் எந்தச் சாமி என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்கிறாள். மறைத்து வாங்கிய வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் பயம் குடியிருக்கும் என்கிறாள். இன்னொன்று: நீ சபைக்கு வராமல் இருப்பதற்கு அம்மா கோபப்படவில்லை. ஆனால் சபையே வேண்டாம் என்று போய்விடாதே என்கிறாள். "நல்லவங்க எல்லாம் எய்ந்து போய்ட்டா, மிச்சம் கீறவங்க போடுறது தான் தீர்மானம். நான் சாவுற வரைக்கும் அந்த மாடில ஒக்காந்துகினு வேணாம்னு சொல்லுவேன். பக்கத்துல ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும், அவ்ளோதான்."

சனிக்கிழமை வரை எழுதி நிறுத்தியிருந்தேன். நேற்று ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு அடுத்த கமிட்டிக் கூட்டம் நடந்தது. உன் இடம் காலியாகத்தான் இருந்தது, பாயில் யாரும் அங்கே உட்காரவில்லை. பாஸ்டர் ஐயா போன கூட்டத்து மினிட்ஸை வாசித்துவிட்டு, "உறுதி செய்யலாமா?" என்றார். வழக்கமாக எல்லோரும் ஆமென் என்பார்கள், அடுத்ததுக்குப் போய்விடுவோம். அம்மா, "இல்ல பாஸ்டர்" என்றாள். "அன்னிக்கி என் கை பாதி தான் எய்ந்துச்சி. அதுவும் பயத்துல. நான் எறக்கிக்கிறேன்."

சாமுவேல் மாமா, "ஏழு வாரம் கயிச்சி எறக்குறாங்களாம்! யக்கா, இது இன்னா கையா, ரயில்வே கேட்டா?" என்றார். தேவராஜ் ஐயா சத்தமாகச் சிரித்துவிட்டார். எனக்கே சிரிப்பு வந்தது, அண்ணா, என்ன செய்ய. அம்மா சிரிக்கவில்லை. "கேட்டுன்னே வெச்சிக்கோ சாமுவேலு. மூடுனதும் நான் தான், தொறக்கறதும் நான் தான். என் புள்ள வேணாம்னு சொன்னானே, அது எங்க எய்தி கீது? அத்தக் காட்டு."

"சபைன்னா ஒரே மனசு தான் சிஸ்டர். வெளியில நம்மள அப்படித்தான் பாக்கணும்" என்றார் பாஸ்டர் ஐயா. அவர் கெட்ட மனிதர் இல்லை. மனு வந்த நாளிலிருந்து அவரும் சரியாகத் தூங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார். "ஆறு பேர தெருவுல நிக்க வெச்சி வர்ற மனசு எந்த மனசு பாஸ்டர்?" என்று அம்மா கேட்டாள். சாமுவேல் மாமாதான், "எங்கள ஏன் கேக்குற? எய்துனது உன் பொண்ணு தானே, அவளக் கேளு" என்றார். நான்கு பேரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள்.

நோட்டைப் பாஸ்டர் ஐயா முன்னாலிருந்து இழுத்து, 'ஏகமனதாக' என்பதன் மேல் கோடு போட்டேன். கீழே, இடமில்லாததால் சின்ன எழுத்தில், எழுதினேன்: ஆதரித்தவர் இருவர். எதிர்த்தவர் ஜோயல். பயந்து பாதி கை தூக்கியதாகவும் இப்போது எதிர்ப்பதாகவும் அம்மா சொல்கிறார். மேலே உள்ளதை முன்பு தவறாக எழுதியவள் நான். என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டில் என் கையெழுத்து வருவது அதுதான் முதல் தடவை. பாஸ்டர் ஐயா வாங்கி நெடுநேரம் பார்த்தார். உறுதி செய்து கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஜெபம் பண்ணுவோம்" என்றார். அவர் ஜெபத்தில் ஆறு பேரின் பெயரும் வந்தது, ஒன்றை மட்டும் தப்பாகச் சொன்னார்.

இன்று திங்கள். காலையில் அம்மா வெட்டி முடித்த சட்டைகளைக் கொடுக்கக் கம்பெனிக்குப் போனாள். அவள் வரும்வரை காத்திருந்தால் நான் போக மாட்டேன் என்று தோன்றியது. நேற்று எழுதியதைத் தனித்தனித் தாளில் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வாசலில் இரண்டு முறை திரும்பி நடந்தேன், மூன்றாவது முறை உள்ளே போனேன். மேசையில் இருந்த போலீஸ்காரப் பெண், "இன்னாம்மா வேணும்?" என்றார். ஒரு பிரதியை வைத்தேன். வாசித்துவிட்டு, "இதுக்கு இப்ப இன்னா பண்ணச் சொல்ற?" என்றார். வாங்கிக்கொண்டதற்கு இன்னொரு பிரதியில் ஒரு சீல் போட்டுத் தாருங்கள் என்றேன். சத்தம் வரவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

அங்கிருந்து நேராகத் தெருக்கோடி அறைக்குப் போனேன். சலோமிக்கு இரண்டாவது ஷிப்ட், துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சீல் வைத்த தாளை விரித்து, எதிர்த்தவர் என்று உன் பெயர் இருக்கும் வரியில் விரலை வைத்தேன்.